மெயின் ஆஃப்

அந்த மனுஷனுக்கு ஒரு வியாதி இருந்தது. அவரிடமே கேட்டால் வியாதி என்று ஒப்புக்கொள்ள மாட்டார், ஒழுங்கு என்பார். வீட்டை விட்டு எல்லோரும் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிய பிறகு, "இருங்க, வந்துட்டேன்" என்று மறுபடி உள்ளே போவார். மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டு, பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். பக்கத்துத் தெருவுக்குப் பத்து நிமிஷ வேலையாகப் போனாலும் இதே கதைதான். ஃப்ரிட்ஜில் பால் திரிந்து போகும், ஐஸ் உருகித் தரையெல்லாம் தண்ணீர் ஓடும். மனைவி துணியை எடுத்துக்கொண்டு வந்து துடைப்பாள்.

காரணம் இல்லாமல் இல்லை. இளவயதில் மின்கம்பத்தில் ஏறி வேலை பார்த்தவர். ஒருநாள் கூட்டாளி மேலே கம்பியில் கை வைத்திருந்த நேரம், கீழே எவனோ ஒரு அவசரக்குடுக்கை ஃப்யூஸைத் திருப்பி மாட்டிவிட்டான். கூட்டாளி இவர் கண் முன்னாலேயே போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து எந்த வேலையானாலும் ஃப்யூஸைப் பிடுங்கித் தன் பாக்கெட்டில் போட்டு, பாக்கெட்டை ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். "இது என் பாக்கெட்ல இருக்கற வரைக்கும்தான் என் உயிர் என்கிட்ட இருக்கு" என்று வேலையாட்களிடம் சொல்வார். அவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'மெயின்'. முதுகுக்குப் பின்னால்தான். முகத்துக்கு நேரே சொல்ல எவனுக்குத் தைரியம்?

பிறகு கம்பத்தை விட்டு இறங்கிச் சொந்தமாக ஒயரிங் கடை போட்டார். துறைமுகத்தில் நிற்கிற படகுகளுக்கு ஒயரிங் செய்து கொடுப்பதே தொழிலில் பாதி ஆனது. படகோடு பழகிப் பழகி, பாய்மரம் ஓட்டும் ஆசை வந்தது. சனி ஞாயிறுகளில் போய்க் கற்றுக்கொண்டு சர்டிஃபிகேட்டும் வாங்கிவிட்டார். அதற்குக் கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில், வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கிற இடத்தில் மாட்டினார்.

அந்தச் சர்டிஃபிகேட்டுக்குக் கீழே உட்கார்ந்து போன் எடுப்பவள்தான் அவர் மனைவி. பதினெட்டு வருஷமாக எடுக்கிறாள். லைட் எரியவில்லை, மோட்டார் உறுமுகிறது ஆனால் ஓடவில்லை, சுவிட்சைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று நாள் முழுக்க ஊர்க் கஷ்டமெல்லாம் அவள் காதில்தான் விழும். கேட்டுக் கேட்டு அவளுக்கு எல்லாம் அத்துப்படி. இரண்டு கேள்வி கேட்பாள், விஷயம் பிடிபட்டுவிடும். அவர் வெளியே போயிருக்கும் நேரத்தில், "மூணாவது சுவிட்சை இறக்கிட்டு மெயினைப் போடுங்க, அந்த ரூம்லதான் கோளாறு" என்று போனிலேயே முடித்துவிடுவாள். அவர் வந்து கேட்டால், "அது தானா சரியாயிடுச்சாம்" என்பாள்.

ஏன் மறைத்தாள் என்று கேட்பீர்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் பழுதான இஸ்திரிப் பெட்டியைத் தானே கழற்றிச் சரிசெய்து, பெருமையாக அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒன்றும் திட்டவில்லை. இரண்டு நாள் முகம் தொங்கிப்போய்த் திரிந்தார், அவ்வளவுதான். அந்த முகத்தை மறுபடி பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை. அதன் பிறகு பல்பு மாட்டக்கூட "என்னங்க" என்று கூப்பிட ஆரம்பித்தாள். விருந்தாளி வந்தால், "என் வீட்டுக்காரிக்கு ஃப்யூஸ் எது, பிளக்கு எதுன்னே தெரியாது" என்று சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள். அவள் மனதில் ஒரு ஓரமாகச் சுருக்கென்று குத்தும், காபியைக் கொண்டுவந்து வைப்பாள்.

இந்தக் குடும்பம்தான் அந்த வருஷ விடுமுறைக்கு ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஏதோ தீவுகளுக்கு நடுவே ஒரு வாரம் சுற்றக் கிளம்பியது. அவர், மனைவி, ஒன்பது வயது மகள், அவருடைய தங்கை. தங்கைக்கு வயது முப்பத்தாறு, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், வகுப்பே அவளைக் கண்டால் நடுங்கும். ஆனால் அண்ணனுக்கு இன்னும் 'பாப்பா'. அண்ணிக்கும் அப்படியே பழகிவிட்டது.

"கேப்டன் ஒருத்தரைக் கூட அனுப்பட்டுமா சார்?" என்று படகுக் கம்பெனிக்காரன் கேட்டான்.

"எதுக்குய்யா? என் பொண்டாட்டி புள்ளையை இன்னொருத்தன் கையில குடுக்கறதுக்கா?" என்றார் அவர். நல்ல மனுஷன்தான், அன்பில் குறையே சொல்ல முடியாது. அந்த அன்புதான் எமனாக வந்தது.

முதல் மூன்று நாள் அருமையாகத்தான் போயிற்று. தண்ணீர் அடியில் கிடக்கிற மணல் வரை தெரிந்தது. வழியெல்லாம் தேங்காய்கள் மிதந்து வந்தன. மகள் ஒவ்வொன்றையும் எண்ணிக் கத்திக்கொண்டே வந்தாள், நூற்றுப் பத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். பாப்பாவுக்கு மட்டும் வாந்தி ஓயவில்லை. மூன்றாம் நாள் அவள் தலைசுற்றலோடு முன்பக்கம் போனவள், தரையில் இருந்த நங்கூர மோட்டாரின் பட்டனைத் தெரியாமல் மிதித்துவிட்டாள். கடகடவென்று சங்கிலி முழுவதும் கடலுக்குள் போனது. அண்ணன்காரர் குதித்த குதி இருக்கிறதே!

"இனிமே நான் படகுல இல்லாதப்போ மெயின் ஆஃப். முடிஞ்சு போச்சு" என்றார்.

அந்தப் படகில் எல்லாவற்றுக்கும் ஒரே மெயின்தான். படிக்கட்டுக்கு அடியில் ஒரு மரமூடி, அதற்குள் ஒரு சுவிட்சு, அதில் செருகித் திருப்புகிற சிவப்புச் சாவி. சாவியை உருவிவிட்டால் விளக்கு, ரேடியோ, எஞ்சின், நங்கூர மோட்டார் எல்லாம் செத்துப்போகும். கையில் எடுத்துப் போகிற சின்ன ரேடியோ ஒன்றும் இருந்தது. அதன் சார்ஜரும் அந்த மெயினில்தான் ஓடியது.

நான்காம் நாள் காலை பத்து மணிக்கு, இரண்டு சின்னத் தீவுகளுக்கு நடுவே, கரை உள்வாங்கியிருந்த ஒரு வளைவில் நங்கூரம் போட்டார்கள். கரையில் பாறையும் புதரும்தான், ஆள் அரவமே இல்லை. வளைவுக்கு வெளியே பவளப்பாறையில் மீன் பார்க்க வேண்டும் என்று மகள் முந்தின நாளிலிருந்து உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வா வாலு, போலாம்" என்றார் அப்பா. பின்னால் கட்டியிருந்த ரப்பர் படகை இழுத்தார். மகள் காலை நீட்டி உட்கார வசதியாக இருக்கட்டும் என்று அதிலிருந்த துடுப்புகளை முந்தின நாளே எடுத்துப் பெரிய படகின் கம்பியில் கட்டி வைத்திருந்தார். இருவரும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டார்கள். பிறகு, "இரு, வந்துட்டேன்" என்று உள்ளே போனார்.

சாவியைப் பாக்கெட்டில் போட்டு ஒரு தட்டு தட்டினார்.

"என்னங்க, ஃப்ரிட்ஜுல மீன் இருக்கு" என்றாள் மனைவி.

"அரை மணி நேரத்துல கெட்டுப்போயிடாது. நீ எதையும் தொடாம உக்காரு, அது போதும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

போனார்கள். ரப்பர் படகின் மோட்டார் சத்தம் வளைவின் வாசல் வரை கேட்டது. பிறகு இரண்டு தடவை இருமியது, நின்றுவிட்டது. அவர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்ப்பது சின்னதாகத் தெரிந்தது. முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊருக்கெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவர் தன் மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறார் என்று பாப்பாவிடம் சொன்னாள். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தபோது படகு வளைவின் வாசலில் இல்லை, அதைத் தாண்டிப் போயிருந்தது. இரண்டு தீவுக்கும் நடுவே ஓடிய நீரோட்டம் அதை வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போனது.

துடுப்புகள் இங்கே கம்பியில் கட்டிக் கிடந்தன. பாப்பா அவற்றைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"ரேடியோவுல கூப்பிடுங்க அண்ணி!"

கூப்பிடுவது எப்படி? பெரிய ரேடியோவின் பட்டனை அழுத்தினாள், உயிரே இல்லை. சின்ன ரேடியோவை எடுத்தாள், அதிலும் சார்ஜ் இல்லை. கைபேசியில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. அவருடைய கைபேசியோ மேஜை மேல் கிடந்தது.

"மெயின் சாவி?"

"உங்க அண்ணன் பாக்கெட்ல."

பாப்பா தலையில் கை வைத்துக்கொண்டாள். "கடவுளே, இந்த மனுஷனை வச்சுக்கிட்டு…"

பெட்டிக்குள் புகைக்குழல் இரண்டு இருந்தது ஞாபகம் வந்தது. ஆபத்தென்றால் இதைக் கொளுத்திப் பிடிக்க வேண்டும், ஆரஞ்சுப் புகை வரும், தூரத்துப் படகுக்காரர்கள் பார்ப்பார்கள் என்று கம்பெனிக்காரன் காட்டியிருந்தான். ஒன்றைக் கொளுத்தினார்கள். புகை மேலே போகாமல் காற்றில் படுத்துக்கொண்டு, படகையே மூடி, தண்ணீர் மேல் தவழ்ந்து போனது. அது அணைந்ததும் இரண்டாவதையும் கொளுத்தினார்கள். பார்க்கத்தான் ஆளில்லை. நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார்கள், ஒரு பாய் இல்லை, ஒரு படகு இல்லை.

பிறகு மாற்றுச் சாவி தேடினார்கள். கம்பெனிக்காரன் நிச்சயம் இன்னொன்று வைத்திருப்பான் என்று ஒவ்வொரு இழுப்பறையாகக் கவிழ்த்தார்கள். மெத்தைகளைத் தூக்கினார்கள், சமையல் டப்பாக்களைக்கூடத் திறந்து பார்த்தார்கள். ஏறக்குறைய அரை மணி நேரம் இதிலேயே போனது. அந்த அரை மணி நேரம் முழுக்க, சாவி வேண்டியதே இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதைத்தான் சொல்ல வருகிறேன். மரமூடியைத் திறந்த முதல் நிமிஷமே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு தடி ஒயர் பேட்டரியிலிருந்து வருகிறது, இன்னொரு தடி ஒயர் படகுக்குள் போகிறது, நடுவில் சுவிட்சு. இந்த ஒயரைக் கழற்றி அந்த ஒயரின் போல்ட்டிலேயே மாட்டிவிட்டால் சுவிட்சே தேவையில்லை. போனில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்! ஆனால் கை போகவில்லை. அவர் பூட்டிய மெயினை அவள் தொடுவதா? பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. தொடாதே என்றால் தொடாதேதான். புத்தி ஒரு பக்கம் இழுத்தது, பழக்கம் ஒரு பக்கம் இழுத்தது, அவள் பாட்டுக்கு இல்லாத சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மேலே ஏறிப் பார்த்தாள். ரப்பர் படகு ஒரு புள்ளியாகிவிட்டிருந்தது. அந்தப் புள்ளிக்குள் அவளுடைய மகள் இருந்தாள்.  "போதும்டி! இன்னும் என்னத்தைத் தேடற?" என்று தன்னையே திட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

அவருடைய டூல்ஸ் பை இருந்தது. விடுமுறைக்கு வந்தாலும் அதை விட்டுவிட்டு வருகிற ஆளா அவர்? ஸ்பானரை எடுத்துக் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றினாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க? உங்களுக்கு என்ன தெரியும்? ஷாக் அடிச்சுத் தொலைக்கப் போகுது!"

"பன்னெண்டு வோல்ட்டு, ஷாக்கெல்லாம் அடிக்காது பாப்பா. ஸ்பானர் தப்பா எங்கயாவது பட்டா பொறி பறக்கும், தீப்பிடிக்கும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா!"

"டார்ச்சை ஒழுங்காப் பிடி."

பாப்பா டார்ச்சைப் பிடித்தாள். யாரோ புது ஆளைப் பார்ப்பது போல அண்ணியைப் பார்த்தாள். நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. இரண்டு கையாலும் தொங்கினாள், விரல் தோல் உரிந்தது, நட்டு அசைந்தது. ஒயர் தடியாக, விறைப்பாக இருந்தது. பக்கத்துப் போல்ட்டுக்கு இழுத்தால் வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. "வா, வந்துடு, என் தங்கம்ல" என்று அதனிடம் கெஞ்சினாள். சரக்கென்று ஒரு பொறி. பாப்பா வீலென்று கத்தினாள். ஒயர் உட்கார்ந்தது. நட்டை முறுக்கினாள். மூலையில் ஃப்ரிட்ஜ் உறுமியது, மேஜை விளக்கு எரிந்தது.

சந்தோஷப்பட அவளுக்கு நேரமில்லை. ரேடியோவில் கத்தினாள். முதலில் வெறும் இரைச்சல், பிறகு ஒரு ஆண்குரல் எடுத்தது. தீவுகளின் பெயரைச் சொன்னாள், ரப்பர் படகு அடித்துக்கொண்டு போவதைச் சொன்னாள்.

"மீட்புப் படகு கிளம்பிடுச்சும்மா. நாப்பது நிமிஷம் ஆகும். நீங்க அங்கயே இருங்க" என்றது குரல்.

"நாப்பது நிமிஷமா? என் பொண்ணு கண்ணுக்கே தெரியலீங்க!" என்றாள். அதற்கு மேல் பேசிப் பயனில்லை. எஞ்சின் சாவியைத் திருப்பினாள், ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. பாப்பா முன்னால் ஓடி, நேற்று எதனால் அத்தனை ஏச்சு வாங்கினாளோ அந்தப் பட்டனுக்குப் பக்கத்துப் பட்டனை மிதித்து நங்கூரத்தைத் தூக்கினாள். ஸ்டியரிங்கை இதுவரை அண்ணி ஐந்து நிமிஷம்கூடப் பிடித்ததில்லை. லீவரை முன்னால் தள்ளினால் போகும், நடுவில் வைத்தால் நிற்கும் என்று அவர் செய்வதைப் பார்த்திருக்கிறாள். தள்ளினாள். படகு போனது.

"பாப்பா, நீ முன்னாடி நின்னு ரப்பர் படகையே பாரு. கண்ணை எடுக்காத. எடுத்தா அலையில தொலைஞ்சிரும்."

இதுவும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். முதல் நாளே எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார்: கடலில் ஒருத்தரைப் பார்த்துவிட்டால் ஒரு ஆள் அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கை அந்தப் பக்கமே நீட்டியிருக்க வேண்டும், வேறு எதையும் பார்க்கக் கூடாது. பாப்பா கையை நீட்டிக்கொண்டு சிலையாக நின்றாள். வளைவின் வாசலைத் தாண்டியதும் அலை தூக்கிப் போட்டது. அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, விழுங்கிக்கொண்டு நின்றாள்.

பாதி தூரம் போயிருப்பார்கள். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது.

"அண்ணி, அந்தப் பக்கம் என்னமோ கறுப்பா மிதக்குது."

"எது?"

"அதோ வலது பக்கம். இப்போ காணோம். ஆ, அதோ."

"தேங்காயா இருக்கும். மூணு நாளாப் பாக்கலையா? நீ நம்ம படகைப் பாரு! கண்ணை எடுக்காதன்னு சொன்னேன்ல!"

பாப்பா தலையைத் திருப்பிக்கொண்டாள். எஞ்சின் முழு வேகத்தில் இரைந்தது. அந்த இரைச்சலில் காதில் வேறு எதுவும் விழவில்லை.

புள்ளி பெரிதானது. சாம்பல் நிற ரப்பர் படகு, அதற்குள் ஆரஞ்சு நிறம். "தெரியுது அண்ணி, தெரியுது, வாலு உக்காந்திருக்கா!" என்று பாப்பா அழுதுகொண்டே குதித்தாள். அவளும் அழுதாள். அப்பாடா என்று மூச்சு வந்தது. கிட்டப் போனதும் லீவரை நடுவில் வைத்தாள். மகள் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். அவள் உடம்பு என்னமோ உருண்டையாக, பருமனாகத் தெரிந்தது. இன்னும் கிட்டப் போன பிறகுதான் புரிந்தது. தன் ஜாக்கெட்டுக்கு மேல் இன்னொரு பெரிய ஜாக்கெட்டை மாட்டியிருந்தாள், அதன் வாரை இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது.

ரப்பர் படகில் வேறு யாரும் இல்லை.

பாப்பா கயிற்றை எறிந்து இழுத்தாள். தாய் மகளைத் தூக்கி மேலே போட்டாள். அணைக்கக்கூட இல்லை, தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா எங்கடி?"

"உங்ககிட்டதாம்மா வந்தாங்க. நீங்க பாக்கலையா?"

"என்கிட்டயா?"

"ஆரஞ்சுப் புகை வந்துச்சுல்ல. அது ஆபத்துக்குத்தான் கொளுத்துவாங்களாம், படகுல தீப்பிடிச்சிருச்சோன்னு அப்பா பயந்துட்டாங்க. மெயின் சாவி என் பாக்கெட்ல இருக்கு, அவங்களால ரேடியோகூடப் போட முடியாது, உங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாங்க. ஜாக்கெட் போட்டா நீந்த முடியாதாம், என்கிட்ட குடுத்துட்டாங்க. நீ அசையாம உக்காரு, நான் போய்ச் சாவியைக் குடுத்துப் படகை எடுத்துட்டு வந்துர்றேன்னு குதிச்சிட்டாங்க." மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்து மிரண்டாள். "வந்து குடுக்கலையா?"

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கறுப்பாக மிதந்தது தேங்காய் இல்லை என்று இரண்டு பேருக்குமே புரிந்துவிட்டது.  பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே மடங்கி உட்கார்ந்தாள்.

"எந்திரி!" என்று அவள் கத்தினாள். "எந்திரி பாப்பா, எந்த இடம், சொல்லு! வலது பக்கமா? எவ்வளவு தூரத்துல?"

திருப்பினாள். வேகமாகப் போகப் பயம், தண்ணீருக்கடியில் சுற்றுகிற விசிறி அவர் மேல் பட்டுவிட்டால்? மெதுவாகப் போகவும் பயம். நீரோட்டத்துக்கு எதிரே எத்தனை நேரமாக அடித்துக்கொண்டிருக்கிறாரோ! தன்னை நோக்கி அவர் நீந்தி வந்திருக்கிறார், தானே அவரைத் தாண்டிப் போயிருக்கிறாள். எஞ்சின் சத்தம் கேட்டிருக்கும். கையை ஆட்டியிருப்பார். எப்படி ஓடுகிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று திகைத்திருப்பார். இதையெல்லாம் நினைக்காதே, நினைக்காதே என்று ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

அந்த இடம் என்று பாப்பா காட்டினாள். கடலில் இடம் ஏது? எல்லா அலையும் ஒன்று போலத்தான் இருந்தது. எஞ்சினை நிறுத்தினாள். மூன்று பேரும் மூன்று பக்கம் நின்று கூப்பிட்டார்கள். "அப்பா!" என்றாள் மகள். "அண்ணா! அண்ணா!" என்றாள் பாப்பா. அவள் "என்னங்க!" என்று கத்தினாள். "என்னங்க! இங்க இருக்கேன், என்னங்க!" நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டார்கள். தண்ணீர் படகில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி கூப்பிட்டார்கள். ஒரு கறுப்புப் பொருள் தெரிந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அது நிஜமாகவே தேங்காய்.

மீட்புப் படகு வந்தது. அதில் நாலு பேர். பெரிய அதிகாரி ஒருவர் ஒலிபெருக்கியில் விவரம் கேட்டுக்கொண்டு, இரண்டு தீவுக்கும் நடுவே கோடு கோடாகத் தேட ஆரம்பித்தார். அவர்கள் பின்னாலேயே அவளும் படகை ஓட்டினாள். யாரும் அவளை நிற்கச் சொல்லவில்லை. ஓட்டிப் பழகியவள் போல ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.

மூன்று மணி வாக்கில் வளைவுக்குள்ளிருந்து ஒருவன் கையைத் தூக்கினான்.

காலையில் அவர்கள் நங்கூரம் போட்டிருந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி, பாறை ஓரமாகக் கிடந்தார். படகு தாண்டிப் போன பிறகும் கரையைப் பிடிக்க, வெளிக்கடலிலிருந்து நீரோட்டத்தை எதிர்த்து அவ்வளவு தூரத்தையும் நீந்தி முடித்துவிட்டிருந்தார். படகு நின்ற இடத்துக்குச் சரியாக வந்து சேர்ந்துவிட்டார். அங்கே படகுதான் இல்லை. நாலு பேரும் அவர் நெஞ்சை மாற்றி மாற்றி அமுக்கினார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அதிகாரி கடைசியில் தொப்பியைக் கழற்றினார்.

பாப்பா தரையில் விழுந்து புரண்டு அழுதாள். மகளை அந்தப் பக்கம் திரும்ப விடாமல் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தாள் தாய். அவளுக்கு அழுகை வரவில்லை.  அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள், தட்டத் தட்ட இன்னும் இருந்தது.

அதிகாரி கொஞ்ச நேரம் விட்டுப் பிடித்து, அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்கங்கம்மா, எழுதியாகணும். ஒரு விஷயம்தான் எனக்குப் புரியல. ரப்பர் படகு நல்லாத்தான் மிதந்துக்கிட்டிருந்திருக்கு. அதுலயே இருந்திருந்தா ரெண்டு பேரையும் நீங்களே தூக்கியிருப்பீங்க. என்ன ஆனாலும் படகை விட்டுக் குதிக்கக் கூடாதுங்கறது முதல் பாடம்மா. சர்டிஃபிகேட் வாங்கினவருன்னு சொல்றீங்க. அவருக்கு அது தெரியாதா?"

"அவருக்கு எல்லாம் தெரியுங்க" என்றாள். குரல் உடைந்து, பாதியில் நின்று, மறுபடி வந்தது. "எனக்குத் தெரியும்ங்கறதுதான் அவருக்குத் தெரியாது. பதினெட்டு வருஷமா நான் சொல்லவே இல்லீங்க."